சூடில்லாத வெளிச்சம்

அஜ்மான் துறைமுகத்துக்குப் பின்னால்
கார்கோ கடைக்கு மேலே, முதல் மாடியில்,
பாதி நாள் எனக்கு ஒரே வேலை:
வாயைத் திறக்கச் சொல்வது.
அரபியில் இஃப்தஹ். இந்தியில் கோலோ.
மலையாளத்தில் தொறக்கூ.
எல்லாரிடமிருந்தும் வருவது ஒரே ஆ.

அசனா லெப்பை வந்தது ஜூலையில்,
வெயிலுக்காக வெளிவேலை நிறுத்தியிருந்த மதியம்.
கப்பல் பட்டறை வெல்டர்.
உடைந்த கடைவாய்ப்பல் நாலு மாசமாய்
நாக்கின் இடது ஓரத்தை அறுத்துக்கொண்டிருந்தது.
ஊர் எது என்று கேட்டேன்.
"கீயக்கரை."
வலியில் நாக்கு மடங்கவில்லை.
கார்டில் நானே திருத்தி எழுதிக்கொண்டேன்.

டாக்டர் ரிஹாம் பல்லைப் பிடுங்கினார்,
புண்ணில் பருப்பளவு வெட்டிக்
குப்பியில் போட்டு லேபுக்கு அனுப்பினார்.
ரிப்போர்ட் வரும்வரை
அந்தப் பக்கம் லேசரைக் காட்டக்கூடாது.
வளர் என்று மட்டும் சொல்லத் தெரிந்த வெளிச்சம் அது.
எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது
நமக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள்.
குப்பூஸை லபனில் ஊறவைத்து
வலது பக்கமாகவே விழுங்கினாராம்.
வீட்டிலிருந்து போன் வந்தால்
நெட் சரியில்லை என்று எழுதி அனுப்பினாராம்.
இதெல்லாம் கூட வந்த நேபாளிப் பையன் சொன்னது.
இவர் சுவரில் மாட்டியிருந்த
பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை.
டாக்டர் இரண்டு தடவை படித்தார்.
அசனா லெப்பை தாளை வாங்கவேயில்லை,
என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

லேசருக்கு முன் கண்ணாடி மாட்ட வேண்டும்.
பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார்,
பதினோராம் நம்பர் கறுப்பு, பொறி தெறித்த தழும்புகளோடு.
இது ஆகாது, என்றேன்.
ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒவ்வொரு கண்ணாடி.
சிரித்துவிட்டார். தையல் இழுத்தது.
கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பிலா வலியிலா,
கேட்க நேரமில்லை, வெளியே நாலு பேர்.

பேனா மாதிரி ஒரு குழல். நுனியில் சிவப்பு.
புண்ணைச் சுற்றி ஆறு இடம்,
இடத்துக்கு முப்பது விநாடி.
மெஷின் பீப் அடிக்கும், இருந்தாலும் நான்
மனசுக்குள் தமிழில் எண்ணுவேன்.
ஏழில் கையைத் தூக்கினார்.
நிறுத்தினேன்.
"சூடே இல்லையே?"
இல்லை.
"பொறி? வாடை?"
இல்லை.
"அப்ப எப்படிம்மா ஒட்டும்?"

இருபத்திரண்டு வருஷம்
இரும்பை இரும்போடு உருக்கிச் சேர்த்தவர்.
செல் என்றேன், ரத்த ஓட்டம் என்றேன்,
கோர்ஸில் மனப்பாடம் செய்ததையெல்லாம்.
அவர் முகம் மாறவில்லை.
அப்புறம் சொன்னேன்:
இது ஒட்டாது. ஒட்டுவது உங்கள் நாக்கு.
ராத்திரி ஷிப்டில் ஹெல்பர் பக்கத்தில் நின்று
டார்ச் பிடிப்பானே, இது அவன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"நல்ல ஹெல்பர் கெடைக்கிறது கஷ்டம்,"
என்று வாயைத் திறந்தார்.

மூன்று தடவைக்கு இன்சூரன்ஸ் ஒத்துக்கொண்டது.
நாலாவதற்கு 'அவசியமில்லை' என்று மெயில்.
டாக்டர் ரிஹாம் அதைப் படித்துவிட்டு
எனக்குக் காபி வேண்டும் என்று கிளம்பிப் போனார்.
அவர் காபி குடித்து நான் பார்த்ததில்லை.
மெஷினை ஆன் செய்தேன்.

ஆறாவது தடவை புண் இல்லை,
வெளுத்த ஒரு கோடு.
போன் கேமராவில் நாக்கை நீட்டிப் பார்த்தார்,
திருப்பித் திருப்பி,
சூப்பர்வைசர் தகட்டைப் பார்ப்பதுபோல.
"கிரைண்டிங் தேவையில்லை."

கார்டை மூடும் முன், ஒரு சோதனைக்காக,
எந்த ஊர் என்று மறுபடி கேட்டேன்.
"கீளக்கரை."
நாக்கை இன்னும் கொஞ்சம் மடியுங்கள், என்றேன்.
"புண்ணு இல்லாதப்பவே
நாங்க அப்படித்தாம்மா சொல்லுவோம்."

கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்
படிக்கட்டிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.
அடுத்த ஆள் நாற்காலியில் ஏறியிருந்தார்.
இஃப்தஹ், என்றேன்.